ஏழு லட்சம் லீஸ், நடுவில் காலி: பழைய வண்ணாரப்பேட்டை வீடு ஒன்றின் கணக்கு

வடசென்னையில் ஒரு வீட்டு வாசலில் "வீடு லீஸுக்கு" என்று அட்டை தொங்கினால், மொத்தமாக ஒரு தொகையை ஓனரிடம் கொடுத்துவிட்டு, மாத வாடகை இல்லாமல் இரண்டோ மூன்றோ வருஷம் இருந்துவிட்டு, போகும்போது அதே தொகையை வட்டியில்லாமல் திரும்ப வாங்கிக்கொண்டு போவது என்று எல்லோருக்கும் தெரியும். கெடு முடிந்து காலி செய்வதிலேயே ஆயிரம் இழுபறி நடக்கும். இதில் நடுவிலேயே கிளம்ப வேண்டிய நிலை வந்தால் என்ன ஆகும் என்பதுதான் இங்கே விஷயம். என் அக்கா வீட்டில் நடந்தது, பேச்சுவார்த்தையில் பாதிக்கு மேல் நானும் உட்கார்ந்திருந்தேன், அதனால் தொகை, தேதி எல்லாவற்றோடும் எழுதுகிறேன்.

வீடு பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில். கீழே ஓனர், முதல் மாடியில் அக்கா குடும்பம், இரண்டாவது மாடி புதிதாகக் கட்டியது. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், நின்றுகொண்டு சமைக்கிற அளவுக்கு ஒரு கிச்சன், துணி காயப்போட மாடிப்படி ஓரமாக ஒரு கம்பி. 2023 ஆகஸ்டில், ஆவணி பிறந்ததும் குடி போனார்கள். தொகை ஏழு லட்சம், மூன்று வருஷம். நான்கு லட்சம் பேங்க் வழியாகப் போனது, மூன்று லட்சம் ரொக்கம், அம்மாவின் நகையை வைத்துப் புரட்டியது. இருபதாயிரத்துக்கு மேல் வைப்புத்தொகையை ரொக்கமாக வாங்குவதும் திருப்பித் தருவதும் வருமான வரிச் சட்டத்தில் சிக்கல் என்பது அந்தத் தெருவில் யாருக்கும் ஒரு பொருட்டே இல்லை, லீஸ் பணத்தில் ஒரு பங்கு கையில்தான் போகும், அதுதான் வழக்கம். நல்லவேளையாக ஒப்பந்தத்தில் "ரூபாய் ஏழு லட்சம் முழுவதும் பெற்றுக்கொண்டேன்" என்று ஓனர் அம்மா கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஒப்பந்தம் நூறு ரூபாய் முத்திரைத் தாள், நோட்டரி சீல், பதிவு கிடையாது. அதில் நமக்கு வேண்டியது இரண்டு வரிதான். ஒன்று, இருவரில் யார் முடித்துக்கொள்ள விரும்பினாலும் மூன்று மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். இன்னொன்று, "ஒப்பந்தக் காலம் முடிந்தவுடன் மேற்படி தொகையைத் திருப்பித் தர வேண்டியது." நடுவில் போனால் தொகை எப்போது வரும் என்று எங்கேயும் இல்லை. டிடிபி கடையில் ஏற்கெனவே டைப் அடித்து வைத்திருக்கும் பத்திரத்தில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி எடுத்தது அது, அதற்கு மேல் அதில் எதிர்பார்க்கவும் முடியாது.

மாமா வேலை பார்க்கிற கம்பெனி அம்பத்தூரில் இருந்தது. உதிரி பாகங்கள் செய்யும் யூனிட். 2025 தொடக்கத்தில் அவருடைய பிரிவை ஒரகடத்துக்கு மாற்றினார்கள். வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரகடம் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது, அதுவும் ஷிப்ட் வேலை. இரவு ஷிப்ட் முடித்துக் காலையில் வீடு வந்து சேர்வதற்குள் மனுஷன் பாதி செத்துவிடுவார். கம்பெனி பஸ் பூந்தமல்லியோடு நின்றுவிடும். அதனால் பூந்தமல்லி பக்கம் வீடு பார்ப்பது என்று முடிவாகி, அங்கேயும் லீஸுக்கு ஒரு வீடு அமைந்து, ஐம்பதாயிரம் டோக்கன் கொடுத்தாயிற்று. ஜூலை முதல் வாரத்துக்குள் மீதித் தொகை என்று பேச்சு. அந்த மீதித் தொகை எங்கே இருக்கிறது? கீழ் வீட்டு ஓனர் அம்மாவிடம்.

மாமாவுக்கு ஒரு பழக்கம், எதிரே இருப்பவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார். பூந்தமல்லியில் டோக்கன் கொடுத்ததை மட்டும் வாயைத் திறந்து சொல்லக் கூடாது என்று அக்கா அவரைக் கிச்சனுக்குள் கூப்பிட்டு எச்சரித்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள். சரியான முடிவு. நமக்கு ஒரு தேதி நெருக்குகிறது என்று தெரிந்தால், அந்தத் தேதி நெருங்க நெருங்க எதிர்த்தரப்பு சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

மே மாதம், வைகாசி பிறந்த பிறகு, வெள்ளி செவ்வாய் இல்லாத ஒரு நாளாகப் பார்த்து அக்கா போய்ச் சொன்னாள். போனில் சொல்லியிருக்கலாம்தான், ஒரே வீடு, ஒரு படி இறங்கினால் வாசல். ஆனால் இந்த மாதிரி சமாச்சாரத்தை நேரில், உட்கார்ந்து, ஒரு டம்ளர் காபி குடித்துச் சொன்னால்தான் மரியாதை. ஓனர் அம்மாவுக்கு அறுபதைத் தாண்டிவிட்டது, கணவர் துறைமுகத்தில் வேலை பார்த்து இறந்தவர், குடும்ப ஓய்வூதியம் வருகிறது. கெட்ட மனுஷி கிடையாது. ஆனாலும் முதல் பதில் இப்படித்தான் வந்தது:

"இன்னாமா திடீர்னு இப்டி சொல்ற? மூணு வருசம்னுதான எழுதிக்கினோம்? துட்ட பீரோவுலயா வச்சினுகீறேன், எடுத்துக் குடுக்க?"

"தெரியும்மா. அவருக்கு வேலைய அங்க மாத்திட்டாங்க, நாங்க இன்னா பண்றது சொல்லுங்க. உங்களக் கஷ்டப்படுத்தணும்னு இல்ல."

"எம் பையன் வரட்டும். அவன்கிட்ட பேசுங்க."

பையன் வந்தார். நாற்பது வயசு இருக்கும், மூலக்கொத்தளம் பக்கம் ஒரு கடை வைத்திருக்கிறார். ஒரு பேப்பரில் எழுதியே எடுத்து வந்திருந்தார். முழுக்கெடுவும் இருந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை, ஏழு லட்சமும் அப்படியே கிடைக்கும். இப்போதே போவதென்றால் ஆறு மாத வாடகைக் கணக்குக்குப் பிடிப்பார்களாம். இந்த வீடு வாடகைக்கு விட்டால் ஒன்பதாயிரம், ஆறு மாதம் ஐம்பத்து நான்காயிரம். பெயிண்ட் அடிக்கப் பதினைந்தாயிரம். ஆக அறுபத்து ஒன்பதாயிரம் போக மீதி, அதுவும் "பணம் பொரளும்போது."

மாமாவுக்கு உடனே கோபம் வந்துவிட்டது. நான் அந்தப் பேப்பரை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோம்ணே" என்று எழுந்துவிட்டேன். அன்றைக்குப் பேசியிருந்தால் ஆறு மாதத்தை நான்காக்குவது, நான்கை மூன்றாக்குவது என்று மீன் கடை பேரமாகத்தான் போயிருக்கும். எங்களுக்குத் தெரிய வேண்டியது வேறு: இந்த ஏழு லட்சம் இப்போது எங்கே இருக்கிறது?

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லீஸில் இரண்டு தரப்பும் வேறு வேறு வட்டியில் யோசிப்பார்கள். நம் பக்கத்தில், ஏழு லட்சத்தைப் பேங்கில் ஏழு சதவீதத்துக்குப் போட்டால் வருஷத்துக்கு நாற்பத்தொன்பதாயிரம், மாதம் நாலாயிரத்துச் சொச்சம். அதை விட்டுக்கொடுத்து ஒன்பதாயிரம் வாடகை பெறுமான வீட்டில் இருக்கிறோம், லாபம்தான். ஓனர் பக்கத்தில் பேங்க் வட்டி என்ற பேச்சே கிடையாது. அவருக்கு வெளியே பணம் கிடைப்பது இரண்டு ரூபாய் வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு. ஏழு லட்சத்துக்கு மாதம் பதினாலாயிரம். ஒன்பதாயிரம் வாடகையை விட்டுவிட்டு, பதினாலாயிரம் வட்டி கட்ட வேண்டிய பணத்தைச் சும்மா வைத்திருக்கிறார், அவருக்கும் லாபம். இரண்டு பேருக்கும் லாபமாக இருப்பதால்தான் இந்த ஏற்பாடு வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று எங்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் பணத்தைக் கேட்டால் மட்டும் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. கையில் இல்லாத பணத்தை வட்டிக்கு எடுத்து நமக்குத் தர வேண்டும், மாதம் பதினாலாயிரம் ஏறும். அந்த "ஆறு மாத வாடகை" பேராசையால் வந்தது கிடையாது என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். புது ஆள் வரும்வரை கட்ட வேண்டிய வட்டிக்கு ஒரு பாதுகாப்பாக அதைக் கேட்டிருக்கிறார், பெயர்தான் வாடகை.

நடுவே மாமா பாரிமுனையில் தனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரைப் போய்ப் பார்த்தார். சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும், சொத்து மாற்றுச் சட்டம் 1882, 107-ஆவது பிரிவு. பதியாத மூன்று வருஷப் பத்திரத்தை வைத்து "மூன்று வருஷம் இருந்தே ஆக வேண்டும்" என்று ஓனர் கோர்ட்டில் நிற்பது கஷ்டம், மாதாந்தரக் குடித்தனம் என்று பார்த்து 106-ஆவது பிரிவின் 15 நாள் நோட்டீஸுக்கு வந்துவிடும். நடுவில் போவதற்கு இவ்வளவு அபராதம் என்று எழுதியே இருந்தாலும்கூட, ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-ஆவது பிரிவுப்படி நியாயமான நஷ்ட ஈடுதான் கிடைக்கும், எழுதிய தொகை அப்படியே கிடைக்கும் என்று இல்லை. புது ஆளை உடனே வைத்துவிட்டு மிச்ச மாதங்களுக்கும் இவரிடமே வசூலிப்பது எடுபடாது. இதெல்லாம் நமக்குச் சாதகம். ஆனால் வக்கீல் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம்: "கேஸ் போட்டா ஜெயிக்கலாம் சார், ஜூலையில ஜெயிக்க முடியாது."

சாதாரண வாடகை வீடாக இருந்தால் இந்த இடத்தில் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் (2017-இல் நிறைவேறியது) வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். இருபத்தைந்தாயிரம், முப்பதாயிரம் என்றால் ஓனர் எங்கேயாவது புரட்டித் தந்துவிடுவார். லீஸில் பணம் பெரிசு, அது செலவாகிவிட்டிருக்கும்.

எங்கே செலவாகியிருக்கிறது என்பதைப் பையனிடமே கேட்டேன், தனியாக, அவர் கடையில் போய். அம்மா முன்னால் கேட்டால் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும். ஒளிக்காமல் சொன்னார். ஐந்து லட்சம் இரண்டாவது மாடியில் போயிருக்கிறது, தலைக்கு மேலே பார்த்தால் தெரிகிற பணம். மீதியில் பெரும் பகுதி தங்கச்சி பிரசவத்துக்கும் அவள் மாமியார் வீட்டுச் சீருக்கும் போய்விட்டது. அம்மா பெயரில் ஒரு ஏலச்சீட்டு ஓடுகிறது, ஆனால் இப்போது ஏலத்தில் தொகையைத் தள்ளி எடுத்தால் நஷ்டம் அதிகம். "வட்டிக்கு எடுத்துத் தரலாம், யார் கட்றது? நீங்க கட்றீங்களா?" என்றார். நியாயமான கேள்விதான்.

ஆக, ஓனர் தரப்பில் பணம் இல்லை, வரவும் வராது. லீஸ் பணம் வருவதற்கு ஒரே ஒரு வழி, அடுத்த லீஸ் ஆள். அதனால் பேரத்தின் பொருளையே மாற்றினோம். எங்களுக்கு எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதை விட்டுவிட்டு, அடுத்த ஆளைக் கொண்டுவருவது யார், எப்போதைக்குள், என்ன தொகைக்கு என்று பேசினோம். அக்கா வைத்த யோசனை இதுதான்: புது ஆளை நாங்களே பிடித்துத் தருகிறோம், புரோக்கர் கமிஷனும் எங்கள் தலையில். வீட்டைக் காட்ட எந்நேரமும் கதவு திறந்திருக்கும். புது ஆள் பணம் தருகிற அன்றைக்குத்தான் எங்கள் பணமும், அதற்கு முன் ஒரு ரூபாய்கூடக் கேட்க மாட்டோம். பதிலுக்கு வாடகைப் பிடித்தம் என்ற பேச்சு கூடாது.

பையன் சட்டென்று ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொள்ள வைத்தது பக்கத்து வீடு. அதே அளவு போர்ஷன், போன தையில் எட்டரை லட்சத்துக்குப் போயிருந்தது. 2019-இல் வண்ணாரப்பேட்டைக்கும் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்த பிறகு இந்தப் பக்கம் வீடு கேட்டு வருகிறவர்களின் முகமே மாறிவிட்டது, சென்ட்ரல் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் வந்து கேட்கிறார்கள். "அண்ணே, நாங்க இன்னும் ஒரு வருஷம் இருந்தா ஏழுலயே இருப்போம். இப்பவே கிளம்பினா உங்களுக்கு எட்டு, எட்டரை. கூட வர்ற ஒரு லட்சத்துக்கு உங்க கணக்குலயே மாசம் ரெண்டாயிரம்" என்று அவர் வட்டியிலேயே கணக்குப் போட்டுச் சொன்னதும் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நாம் போவதால் அவருக்கு என்ன கிடைக்கும் என்பதை அவர் பாஷையில் சொல்ல வேண்டும், நம் கஷ்டத்தை எவ்வளவு சொன்னாலும் அது நம் கஷ்டம்தான்.

அடுத்த நெருக்கடி காலண்டர். இங்கே ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஜூலை நடுவில் ஆடி பிறந்துவிட்டால், ஆவணி வரைக்கும் வீட்டைப் பார்க்கவே ஆள் வராது, வந்தாலும் "ஆவணியில சொல்றோம்" என்று போய்விடுவார்கள். அதனால் ஆனிக்குள் முடிக்க வேண்டும். இது எங்களுக்கு மட்டும் கெடு என்றால் பலவீனம், ஆனால் ஆடி ஓனருக்கும் ஆடிதான். ஆனியில் ஆள் வராவிட்டால் வீடு ஒரு மாதம் சும்மா கிடக்கும் என்று அந்த அம்மாவே சொல்ல ஆரம்பித்தார். பூந்தமல்லி டோக்கனைப் பற்றி வாயே திறக்காமல், எங்களுக்கு வேண்டிய தேதியை ஆடி மாதம் வாங்கித் தந்துவிட்டது.

புரோக்கர் தெரு முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், பத்தாயிரம் கேட்டார், சரி என்றோம். ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களை ஓனர் அம்மா சலித்த விதம் தனிக் கதை. ஏழு பேர் கொண்ட குடும்பம் வந்தது, தண்ணிக்கு ஆகாது என்றார். மெட்ரோ தண்ணி, அதாவது குடிநீர் வாரியத் தண்ணி, வருகிற நேரத்தில் மூன்று வீடும் அடிபம்பில் முறை வைத்துப் பிடிக்கிற இடம், அதனால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். அடுத்து ஒருவர், மரியாதையான மனுஷர், நல்ல தொகை, கேட்ட உடனே சரி என்றார். ஆனால் வக்கீல். "வக்கீலுக்கும் போலீஸுக்கும் வீடு விட்டா காலி பண்ண வைக்க முடியாதுப்பா" என்று அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அந்த மனுஷர் முகம் சுருங்கிப் போனதைப் பார்த்து எங்களுக்கே சங்கடமாக இருந்தது.

கடைசியில் அமைந்தவர் ராயபுரத்திலிருந்து மாறி வருகிற ஒரு குடும்பம், கணவன், மனைவி, ஒரு பையன். எட்டு லட்சம், மூன்று வருஷம். அவர்கள் கேட்ட கேள்விகள் எனக்குப் பிடித்திருந்தன. சொத்து வரி ரசீதும் கரண்ட் கார்டும் ஓனர் பெயரில் இருக்கிறதா என்று காட்டச் சொன்னார்கள், வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்தார்கள். காரணம் உண்டு. சென்னையில் லீஸ் மோசடி என்றாலே அநேகமாக ஒரே மாதிரிதான்: நடுவில் ஒருத்தன் வீட்டை ஓனரிடம் வாடகைக்கு எடுத்து, தான்தான் பொறுப்பு என்று சொல்லி லீஸுக்கு விட்டு மொத்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, சில மாதம் வாடகை கட்டிவிட்டுக் காணாமல் போய்விடுவான். பணம் கொடுத்துக் குடியிருப்பவரை நிஜ ஓனர் வந்து வெளியே போகச் சொல்லும்போதுதான் விஷயம் தெரியும். எனவே அவர்கள் கேட்டதை எல்லாம் நாங்களே முன்னின்று எடுத்துக் கொடுத்தோம். அவர்களுக்கு நம்பிக்கை வந்தால்தானே எங்களுக்குப் பணம். பாத்ரூம் கதவு கீழே அரித்துப் போயிருந்தது, அதை மாற்றித் தரச் சொன்னார்கள். ஐம்பதாயிரம் டோக்கனை ஓனர் அம்மா கையில் கொடுத்தார்கள், மீதி ஏழரை லட்சம் குடி வருகிற அன்றைக்கு.

இப்போது பணம் கை மாறும் விதம். எல்லாம் பேசி முடிந்த பிறகு மனஸ்தாபம் வருவது இங்கேதான். புது ஆட்கள், "நாங்க நேரா உங்க அக்கௌன்ட்லயே போட்டுடறோமே, ஓனர் கைக்குப் போய்த் திரும்பி வரணுமா" என்றார்கள். கேட்க வசதியாக இருக்கிறது, எங்களுக்கு அதைவிடப் பத்திரமும் இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் அவர்கள் ஓனருக்குப் பணம் கொடுத்ததற்கு ஆதாரம் இல்லாமல் போகும், நாளைக்கு ஓனர் "எனக்கு வந்தது ஐம்பதாயிரம்தான்" என்றால் அவர்கள் கதி என்ன? மாமாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதுவுமல்லாமல் யுபிஐயில் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்தோடு நின்றுவிடும். ஓனர் அம்மாவின் கணக்கு பென்ஷன் வருகிற பாஸ்புக் கணக்கு, நெட் பேங்கிங் கிடையாது. பெரிய தொகையைப் பேங்க் வழியாக அனுப்பும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்து இருபத்து நான்கு மணி நேரமும் ஓடுகிறது என்றாலும், நெட் பேங்கிங் இல்லாதவருக்குப் பேங்க் திறந்திருந்தால்தான் உண்டு. ஞாயிறு கூடாது, இரண்டாம் சனி கூடாது, வெள்ளிக்கிழமை பணத்தை வெளியே கொடுக்க அந்த அம்மாவுக்கு மனசு வராது. ஆக ஒரு வியாழக்கிழமை, காலை பத்தரைக்கு, மூன்று தரப்பும் பேங்கில்.

அதற்கு முந்தின நாளே அக்கா வீட்டுச் சாமான் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டாள், பீரோ ஒன்றைத் தவிர. ஹால் நடுவில் பீரோ, வாசலில் எங்கள் பூட்டு. வேண்டுமென்றேதான். லீஸ் வீட்டில் பணம் வாங்காமல் சாவியைக் கொடுத்துவிட்டால் அப்புறம் நாம் வெறும் கடன்காரனைத் தேடி அலைகிற ஆள், சாவி நம் கையில் இருக்கிறவரைக்கும்தான் குடித்தனக்காரர். புது ஆட்களுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டோம், அவர்கள் வண்டியை மதியத்துக்கு மேல் வரச் சொல்லியிருந்தார்கள்.

பேங்கில் உட்கார்ந்திருக்கும்போது பையன் மெதுவாக ஆரம்பித்தார். "ஒரு அம்பதாயிரம் மட்டும் வச்சுக்கறோம், பெயிண்ட், கதவு வேல எல்லாம் முடிஞ்சதும் கணக்குப் பார்த்துத் தந்துடறோம்." இது வரும் என்று எதிர்பார்த்திருந்தோம், எல்லா வீட்டிலும் கடைசி நிமிஷத்தில் வருகிற ஒன்று. அக்கா அசரவில்லை. கார்பென்டரிடம் முந்தின வாரமே கதவுக்கு விலை கேட்டு வைத்திருந்தாள், சுவரில் ஆணி அடித்த ஓட்டைகளுக்கும் சேர்த்து ஆறாயிரம். கரண்ட் பாக்கி, ரீடிங் எடுத்துக் கணக்குப் போட்டது, இரண்டாயிரம். "எட்டாயிரம்ணே, இப்பவே பிடிச்சுக்கோங்க, பாக்கி எதுக்கு? பெயிண்ட்டு, எட்டு லட்சத்துக்கு வர்றவங்களுக்கு நீங்க அடிச்சுத்தானே தருவீங்க" என்றாள். அந்த அம்மா மகனைப் பார்த்து, "உட்றா, போற பொண்ணுகிட்ட இன்னா" என்றார். அவ்வளவுதான். தனியாக ஒரு பேப்பரில் எண்ணோடு எழுதி வைத்திருந்ததால் பேச்சு நீளவில்லை. உத்தேசமாகப் பேசியிருந்தால் ஐம்பதில் தொடங்கி இருபதில் முடிந்திருக்கும்.

புது ஆட்களின் ஏழரை லட்சம் ஓனர் அம்மா கணக்கில் ஏறியது. அதே கவுன்டரில் அவர் செக் எழுதி, ஆர்டிஜிஎஸ் படிவத்தில் மகன் நிரப்பிக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டார், கை நடுக்கத்தில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பினார்கள், மறுபடி போட்டார். ஆறு லட்சத்துத் தொண்ணூற்று இரண்டாயிரம். அக்கா போனில் மெசேஜ் வந்த பிறகு பழைய ஒப்பந்தத்தின் அசலை எடுத்தோம், பின்பக்கத்தில் "தொகை முழுவதும் பெற்றுக்கொண்டேன், வீட்டின் சுவாதீனத்தை ஒப்படைத்தேன், இனி இருவருக்கும் ஒருவர் மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை" என்று எழுதி, தேதி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்து, புது ஆட்களும் புரோக்கரும் சாட்சி. ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ். சாவி அப்போதுதான் கை மாறியது. பீரோவைப் புது ஆட்களின் வண்டியை இறக்கிய பையன்களே கீழே கொண்டுவந்து கொடுத்தார்கள், அதற்கு ஐந்நூறு.

மொத்தத்தில் அக்காவுக்கு நடுவில் காலி செய்த செலவு பதினெட்டாயிரம், பிடித்தம் எட்டு, புரோக்கர் பத்து. அதிலும் கரண்ட் இரண்டாயிரம் எப்படியும் கட்ட வேண்டியது. முதல் நாள் பேப்பரில் இருந்தது அறுபத்து ஒன்பதாயிரம். ஓனருக்கு ஏழு எட்டாகியது. புது ஆட்களுக்கு ஆனியிலேயே குடி வர முடிந்தது. இது எப்போதும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். இறங்குகிற ஏரியாவாக இருந்து, புது ஆள் ஆறு லட்சத்துக்குத்தான் வருவேன் என்றிருந்தால் அந்த ஒரு லட்சத்தை யார் போடுவது என்று சண்டை வந்திருக்கும், அப்போது ஓனரிடம் ஒரு தொகைக்கு புரோநோட்டாவது தேதி போட்ட செக்காவது வாங்கிக்கொண்டு, ஒரு ரூமைப் பூட்டி வைத்துக்கொள்வதுதான் வழி. அதை அந்தத் தெருவிலேயே இரண்டு வீட்டில் பார்த்திருக்கிறேன்.

பூந்தமல்லி ஒப்பந்தத்தை அக்கா டிடிபி கடை பத்திரத்தில் விடவில்லை. நடுவில் முடித்துக்கொள்வதற்கு ஒரு ஷரத்து தனியாக எழுதச் சொன்னாள்: இரண்டு மாத நோட்டீஸ், அதற்குள் குடித்தனக்காரர் புது ஆளைக் கொண்டுவந்தால் ஓனர் தகுந்த காரணமில்லாமல் மறுக்கக் கூடாது, நோட்டீஸ் முடிந்து மூன்று மாதத்துக்குள் தொகை முழுவதும் பேங்க் வழியாக வர வேண்டும், அதற்கு மேல் தாமதமானால் நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. அந்த ஓனர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "தகுந்த காரணம்னா என்னம்மா, எனக்குப் பிடிக்கலன்னா பிடிக்கலதானே" என்று அந்த ஒரு வரியில் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார், பிறகு வட்டியை முக்கால் ரூபாயாக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.